பதினாலு பேர் டிஸ்கோ

செய்தி வந்தபோது மணி நாலு பத்து. சீதாலக்ஷ்மி அடுப்படியில் டிகாக்ஷன் இறங்கக் காத்திருந்தாள். மும்பையிலிருந்து சுப்ரியா பேசினாள்.

"பெரியம்மா, அப்பா போயிட்டார். காலம்பற, தூக்கத்துலேயே." அதற்கு மேல் அந்தப் பெண்ணால் பேச முடியவில்லை.

அப்பா என்றால் மஹேஷ். சீதாலக்ஷ்மியின் கணவர் பட்டாபிக்குச் சித்தப்பா பிள்ளை. கல்யாணமான முதல் வருஷம் மாட்டுங்காவில் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். டேப் ரெக்கார்டரில் டிஸ்கோ கேஸட்டைப் போட்டு, சமையலறை மொசைக் தரையில் மன்னிக்கு இரண்டு எட்டு இடம், இரண்டு எட்டு வலம் என்று ஆடக் கற்றுக்கொடுத்த மச்சினன் அவன். அதற்குப் பிறகு வலியசாலை அக்ரஹாரத்தில் முப்பத்தைந்து வருஷம். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள், இரண்டு பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பினாள், மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். ஆடின கால் என்று பார்ப்பவர் யாரும் சொல்ல மாட்டார்கள். மாடியில் துணி உலர்த்தும்போது மட்டும் அது தானாகப் போகும்: இரண்டு இடம், இரண்டு வலம்.

போன வாரம்தான் மஹேஷ் கூப்பிட்டிருந்தான். "மன்னி, பதினாலு பேர் டிஸ்கோ பேண்ட் உங்க ஊருக்கு வரது. ரெண்டு டிக்கெட் போட்டாச்சு. அண்ணா வரமாட்டேன்னா கட்டித் தூக்கிண்டு போங்கோ."

அந்தக் கச்சேரி இன்றைக்கு, ஏழு மணிக்கு.

பங்காளி இறந்தால் பத்து நாள் தீட்டு, செய்தி காதில் விழுந்த நிமிஷமே பிடித்துக்கொள்ளும். கோயில் கூடாது, விளக்கு ஏற்றக் கூடாது, கச்சேரியைப் பற்றிப் பேச்சே இல்லை. காதில் விழாதவருக்குத் தீட்டும் இல்லை. பட்டாபி இதில் கடுகளவும் இறங்கமாட்டார். நாக்பூரில் இறந்துபோன, முகம்கூடப் பார்த்திராத ஒரு பங்காளிக்காக, அவள் தம்பி பெண்ணின் முகூர்த்தத்துக்கே போகவிடாமல் உட்கார வைத்தவர். இப்போது சொன்னால் நேரே கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீரை விட்டுக்கொள்வார்.

குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதாள். பிறகு முகம் கழுவினாள். வந்து சொல்லிக்கொள்ளலாம். அவன் ஆசையாகப் போட்ட டிக்கெட்.

ஆறு மணிக்குத் தினமும் கோயிலுக்குப் போகிற பட்டாபி அன்று போகவில்லை. முட்டி வலி என்றார்.

"தோள்பட்டை பிடிச்சுண்டிருக்கு. விளக்கை நீங்க ஏத்துங்கோளேன்," என்றாள்.

"வந்து ஏத்திக்கலாம். நாழியாறது, கிளம்பு."

கச்சேரி நடந்த இடம் கிளப் என்று பெயரே தவிர, ரயிலடிப் பக்கம் தம்பானூரில் ஒரு லாட்ஜின் மேல்மாடி. அறுபது நாற்காலி. பதினாலு பேருக்கு மேடை போதவில்லை. ஊதுகிறவர்கள் நாலு பேரும் கீழே, மேஜைகளுக்கு நடுவில் நின்றார்கள். டிராம்போன் ஊதும் மலையாளிப் பையன் அனீஷ் பட்டாபியின் தோளுக்குப் பின்னால்.

"அங்கிள், சாரி கேட்டோ. இது நீளும். மேலே எடமில்ல."

"நீட்டு அப்பனே. நான் குனிஞ்சுக்கறேன்."

ஒவ்வொரு முறை அந்தப் பித்தளைக் குழாய் மேஜைக்கு மேல் நீண்டபோதும் பட்டாபி தம் லைம் ஜூஸைத் தூக்கிக் காப்பாற்றினார். டிரம் அடி நாற்காலிக் கால் வழியாக ஏறி நெஞ்சில் வந்து விழுந்தது. கேஸட்டில் இவ்வளவு பேர் இருந்தார்கள் என்று சீதாலக்ஷ்மிக்கு அந்த நாளில் தெரிந்ததே இல்லை. மஹேஷிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு கணம் நினைத்தும்விட்டாள்.

திரும்பிப் பார்த்தாள். பட்டாபி அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எந்தப் பாட்டுக்கும் அழுகிறவர் இல்லை அவர்.

காதருகே குனிந்து கத்தினாள். "இன்னிக்கு ஏன் கோயிலுக்குப் போகலை?"

"முட்டி."

"விளக்கு?"

அவர் அவளையே பார்த்தார். "உனக்கு எப்போ தெரியும்?"

"நாலு பத்து. உங்களுக்கு?"

"ரெண்டு மணி. மெட்ராஸ்லேந்து எங்க அண்ணா போன் பண்ணினார்."

"ரெண்டு மணிக்கே தெரிஞ்சுண்டா இங்கே வந்து ஜூஸ் குடிக்கறேள்?"

"அவன் போட்ட டிக்கெட்டாச்சேடி. உன் காதுல விழாம அழைச்சுண்டு வந்துட்டா உனக்குத் தீட்டில்லை. பாவம் என்னோட போகட்டும்னு பார்த்தேன்."

"நானும் அதேதான் பார்த்தேன்."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன இருவருக்கும். அடுத்த பாட்டுக்கு அவள் எழுந்தாள். கிடைத்த இடம் ஒன்றரை டைல். இரண்டு இடம், இரண்டு வலம். அனீஷ் ஊதிக்கொண்டே ஓரடி பின்வாங்கி இன்னும் ஒரு டைல் கொடுத்தான். பட்டாபி கையில் தம்ளரோடு எழுந்து, முட்டியைத் தடவிவிட்டு, இரண்டு வலம் முதலில் வைத்து அவள் காலை மிதித்தார்.

"இடம் முதல்ல!"

"சரி சரி. ஊரெல்லாம் கேக்கறது."

அவர்கள் தெருவில் இருக்கும் நாலு பங்காளி வீட்டுக்கும் சாயங்காலத்துக்குள் சொல்லிவிடும்படி மெட்ராஸ் அண்ணா பட்டாபியிடம் சொல்லியிருந்தார். மூன்றாவது வீட்டில் நாளைக் காலை குழந்தைக்கு ஆண்டு நிறைவு; காதில் விழுந்தால் நின்றுபோகும். நாலில் ஒரு வீட்டுக்கும் பட்டாபி இன்னும் சொல்லவில்லை.