குழம்புக்குள் ஒளிந்த கீரை

காய்கறிக் கூடை வாசற்படி ஏறினாலே வெல்டருக்கு முகம் எட்டுக் கோணலாகிவிடும். "நான் என்ன ஆடா மாடா, இலை தழையைத் திங்க?" என்று தட்டை நகர்த்துவார். கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி, அந்தத் தையற்காரி, கேட்டுவருவது இதே பாட்டுதான். நெருப்புப் பொறியோடு மல்லுக்கட்டுகிற மனுஷர் ஒரு பீன்ஸ் துண்டைக் கண்டு நடுங்கினால் யாரிடம் சொல்லி அழுவது?

அவருக்குச் சர்க்கரை நோய் வந்தது. தினமும் காய்கறி நிறையச் சேர்க்கச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். தையற்காரி கெஞ்சினாள், கோபித்தாள், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம்தான் திருட்டு வேலையில் இறங்கினாள். அவர் பட்டறைக்குக் கிளம்பியதும் கேரட்டைத் துருவி ரொட்டி மாவில் பிசைவாள். கீரையை மையாக அரைத்து இறைச்சிக் குழம்பில் கரைப்பாள். நிறம் காட்டிக்கொடுக்காமலிருக்க, கருக வறுத்த வெங்காயமும் மிளகாய்த்தூளும் சேர்ப்பாள். தோலையும் காம்பையும் வெட்டுத்துணிக்கு அடியில் மறைத்துக் குப்பையில் போடுவாள்.

அடுத்த பரிசோதனையில் சர்க்கரை குறைந்திருந்தது. "பாத்தியா, ஒரு காயைத் தொடாமலே குறைச்சுக் காட்டிட்டேன்!" என்று மீசையை முறுக்கினார். அவள் தையல் மிஷின் பக்கம் குனிந்து சிரித்துக்கொண்டாள். நாலு வருடம் அந்தச் சிரிப்பிலேயே அவளுக்கு வயிறு நிறைந்தது.

ஐந்தாம் வருடம் அவருக்குக் கால் வீங்கியது. பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் அவசரத்தில் அவளால் ஆஸ்பத்திரிக்கு அவரோடு போக முடியவில்லை. திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே குஷியாக இருந்தார்.

"கிட்னி கொஞ்சம் கெட்டிருக்காம். டாக்டரம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? கீரை, தக்காளி, கிழங்கு எதையும் தொடக்கூடாதாம்! சீட்டுல வேற எழுதிக் குடுத்தாங்க. எனக்கெதுக்குன்னு அங்கேயே வெச்சுட்டு வந்துட்டேன்."

"எங்கிட்டயே கதை விடுறீங்களா?" என்றாள். பீட்ரூட்டால் மூட்டு வலிக்கிறது என்று போன வருடம் சாதித்தவர்தானே இவர்! ஆனால் கிட்னி என்ற சொல் அவளை உலுக்கிவிட்டது. அந்தப் பயத்திலேயே மறுநாள் முதல் ஒரு கைப்பிடி கீரை கூடுதலாகப் போட்டாள்.

மூன்றாவது வாரம் பட்டறையில் கால் துவண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் இதயம் தாறுமாறாகத் துடித்தது. கிட்னியால் வெளியேற்ற முடியாமல் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. "கீரை ஆகாதுன்னு சொன்னேனே, சாப்பிட்டீங்களா?"

"சத்தியமா இல்லம்மா. பச்சையா எதுவும் என் வாயில பட்டதே இல்ல. வேணும்னா என் வீட்டுக்காரியக் கேளுங்க."

கட்டிலருகே நின்ற தையற்காரி டாக்டரம்மாவிடம் திரும்பினாள். "தினமும் சாப்பிட்டாரும்மா. நான்தான் அரைச்சுப் போட்டேன். அவருக்குத் தெரியாது." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

அவர் திட்டவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

பிழைத்து வீட்டுக்கு வந்தார். முதல் நாள் மதியம் தட்டு வைத்தாள். பசியோடு உட்கார்ந்தவரின் கை பாதியில் நின்றது.

"இதுல என்ன போட்டிருக்க?"

முப்பது வருடத்தில் அவளிடம் அவர் கேட்காத கேள்வி.

"ஒண்ணும் போடலைங்க. வெறும் சோறு, அவிச்ச முட்டை. அவ்வளவுதான்."

அவர் தலையாட்டினார். பிறகு முட்டையை இரண்டாகப் பிளந்து உள்ளே பார்த்தார்.