பிராண்டுக்குப் பொருந்தாத டயர் கடைக்காரர்

ஓசூர் சிப்காட் பக்கம், எங்கள் கம்பெனியின் பெயரில் டூ வீலர் சர்வீஸ் சென்டர் நடத்தி வந்தவர் கோமதி. தென்காசிக்காரர். ஒரு நாள் காலையில் போன் செய்தார்.

"சார், வீட்டுக்காரருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துட்டு. ஊருக்கே கூட்டிட்டுப் போறேன். சென்டரைக் கைமாத்தி விடணும்."

நான் அப்போது ஏரியா மேனேஜர். பிரான்சைஸ் தொழிலில் கடை வாடகை, மெஷின், ஆள் சம்பளம் எல்லாம் எடுத்தவர் பொறுப்பு. போர்டு மட்டும் கம்பெனியுடையது. ஆனால் கடையை விற்க வேண்டுமென்றால் போர்டுக்காரன் சம்மதிக்க வேண்டும்.

வாங்க வந்தவர் நாகராஜ். பேரிகையில் டயர் கடை வைத்திருந்தார். கோமதி கேட்ட விலைக்கு ஒத்துக்கொண்டார், கம்பெனி டிரெயினிங்குக்கு வரவும் தயார். அவரைப் பார்க்க பெங்களூரிலிருந்து ஜி.எம். வந்தார்.

"அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க எங்க இருப்பீங்க?" என்று கேட்டார் ஜி.எம்.

"இங்கதாங்க சார். கடைய வுட்டுட்டு நான் எங்க போறது?" என்றார் நாகராஜ்.

'விஷன் இல்லை' என்று ஜி.எம். குறித்துக்கொண்டார். "ஆகல்லா. பிராண்டுக்கு செட் ஆக மாட்டாரு" என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

காரில் ஏறியதும்தான் அவருடைய விஷன் எனக்குப் புரிந்தது. "என் சகலை சும்மாதான் இருக்கான். கொஞ்ச நாள் இழுங்க. அந்தம்மா அவசரத்துல பாதி விலைக்கு விட்டுட்டுப் போயிடும்."

அவரை அனுப்பிவிட்டுப் போனை எடுத்தேன். கோமதியிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: "மறுப்பை எழுத்துல கேளுங்கம்மா. நல்ல வக்கீலா பாருங்க."

கோமதிக்காகக் கிருஷ்ணகிரியிலிருந்து பத்மா என்ற வக்கீல் வந்தார். எங்கள் ஓசூர் ஆபீசில் கூட்டம். கம்பெனியின் லீகல் மேனேஜர் வீடியோ காலில் இருந்தார்.

"நியாயமான காரணம் இல்லாம சம்மதம் மறுக்க மாட்டோம்னு அக்ரிமென்ட்ல நீங்களே எழுதியிருக்கீங்க" என்று ஆரம்பித்தார் பத்மா. "'எல்லாம் எங்க இஷ்டம்'னு எழுதியிருந்தா எனக்குக் கஷ்டம்தான். எழுதலையே! வாங்கறவருக்கு வசதி இருக்கா, போட்டிக் கம்பெனி ஆளா, டிரெயினிங்ல தேறுவாரா, தாராளமா பாருங்க. ஆளைப் புடிக்கலன்னு மட்டும் மறுக்க முடியாதுங்க."

"அவர் டிகிரி முடிக்கலை" என்றார் ஜி.எம்.

"டிகிரி வேணும்னு எங்க இருக்கு?"

ஜி.எம். என்னைப் பார்த்தார். "நம்ம சென்டர் ஓனருங்க ரெண்டு பேரு பத்தாவதே பெயிலுங்க சார்" என்றேன்.

"இங்கிலீஷ் வராது."

"பைக்குக்கு வருமா சார்?" என்றார் பத்மா.

லீகல் மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "இந்த சென்டரை வேற யாராவது கேட்டிருக்காங்களா?"

ஜி.எம். தண்ணீர் குடித்தார். கூட்டத்தில் பதில் தெரிந்த இன்னொருவன் நான். என் வேலை போனால் வீட்டு லோனை யார் கட்டுவது என்று ஒரு கணம் மனதில் ஓடியது.

"சாரோட சகலைக்கு எண்ணம் இருக்குங்க" என்றேன்.

லீகல் மேனேஜரின் குரல் மாறிவிட்டது. "சொந்தக்காரனுக்காக மறுத்தோம்னு ஆர்பிட்ரேஷன்ல மத்தியஸ்தர் முன்னாடி வந்தா நம்ம கேஸ் நிக்காது. டிரெயினிங் கண்டிஷன் போட்டு அப்ரூவ் பண்ணுங்க."

கோமதி கேட்ட விலை கிடைத்தது. வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

புதிய திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியது அதே ஜி.எம். "நாகராஜைப் பார்த்த முதல் நிமிஷமே இவர்தான் நம்ம ஆளுன்னு முடிவு பண்ணிட்டேன்" என்று மைக்கில் முழங்கினார். நாகராஜ் கை தட்டினார். அவரும் தொழில்காரர்தானே.

எனக்கும் பரிசு கிடைத்தது: சிங்காரப்பேட்டைப் பக்கம் மாற்றினார்கள். அங்கே எங்களுக்கு ஒரு சென்டர்கூடக் கிடையாது. 'மார்க்கெட்டை வளருங்கள்' என்று வாழ்த்து வேறு.

இன்று பிரான்சைஸ் பிரிவில் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மறுக்கும் அதிகாரம் போர்டைக் காப்பாற்றக் கொடுக்கப்பட்டது. சகலையைக் கரையேற்ற அல்ல. யாரையும் மறுக்கும் முன் காரணத்தை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். எழுதக் கை கூசினால், சம்மதித்துவிடுங்கள்.