நான் கழற்றிய மூடி

அந்தப் பட்டறையில் பிட்டராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. ஐம்பதுகளின் பின்பாதி. ஜாலான் புசார் தெருவில் இரும்புச் சாமான் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. அதன் கோடியில் தகரக் கூரை போட்ட பட்டறை. தவுக்கே என்று நாங்கள் கூப்பிட்ட முதலாளி சீனர். அவருக்கும் எங்களுக்கும் மலாய்தான் பொது மொழி. சரக்கு ஏற்றும் தொங்கான் படகுகளுக்கும் கப்பல்களுக்கும் வேண்டிய கொக்கி, வளையம், சங்கிலிக் கண்ணி எல்லாம் அங்கே அடித்துக் கொடுத்தோம்.

உலையில் பழுக்கக் காய்ந்த இரும்பை அடிக்க ஒரு பவர் ஹாமர் இருந்தது. ஆளைவிட உயரம். மோட்டார் எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்கும். கீழே இருந்த பெடலைக் காலால் அழுத்தினால் தொய்ந்து கிடக்கும் பெல்ட் இறுகிக்கொள்ளும். உடனே மேலே தொங்கும் சுத்தியல் கட்டை திம்திம் என்று இறங்கும். காலை எடுத்தால் பெல்ட் தளர்ந்து நிற்க வேண்டும். ஆனால் அது உடனே நிற்காது. பெரிய சக்கரம் ஓடிய வேகத்தில் இரண்டு மூன்று அடி கூடுதலாக விழுந்த பிறகுதான் நிற்கும்.

அதை ஓட்டியவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். யுத்தத்துக்கு முன்பும் பின்பும் வெள்ளைக்காரர்களின் கப்பல் பட்டறையில் இருந்துவிட்டு இங்கே வந்தவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் அதில் ஒரு குசும்பு இருக்கும்.

"நான் கால எடுத்துட்டேன் தம்பி. அதுக்குத்தான் இன்னும் சேதி போய்ச் சேரல லா," என்பார், அந்தக் கூடுதல் அடிகளைப் பற்றி.

அவருக்காகத்தான் பிரேக் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் எனக்குத் திறமையைக் காட்ட ஓர் இடம் வேண்டியிருந்தது. பழைய லாரியின் பிரேக் பட்டையை வாங்கி, சக்கரத்தைச் சுற்றிப் பொருத்தி, ஒரு ஸ்பிரிங்கால் பெடலோடு இணைத்தேன். கால் மேலே வந்ததும் பட்டை சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. திங்கள் காலையில் அண்ணன் தன் மடியிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து சுத்தியலுக்கு நேர் கீழே இருந்த கீழ்க்கட்டையின் மேல் வைத்தார். பெடலை மெல்லத் தொட்டு எடுத்தார். சுத்தியல் ஒரே ஒரு தடவை இறங்கியது. பாக்கு இரண்டாகப் பிளந்து கிடந்தது, நசுங்கவில்லை. ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டு, மறுபாதியை எனக்குக் கொடுத்தார்.

அந்தப் பாதிப் பாக்குதான் என் தலைக்கு ஏறிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

ஹாமரின் இன்னொரு குறை அந்தப் பெடல். குதிரை லாடம் போல வளைந்த இரும்புச் சட்டம், அடித்தளத்தை மூன்று பக்கமும் சுற்றித் திறந்தே கிடந்தது. ஆள் கால் பட்டாலும் சரி, ஏதாவது விழுந்தாலும் சரி, சுத்தியல் இறங்கிவிடும். அதற்கு ஒரு மூடி செய்வது என்று முடிவு செய்தேன். வீட்டில் காகிதத்தில் வரைந்து, தடித்த தகட்டை வெட்டி வளைத்து, நான்கு போல்ட்டில் பொருத்தினேன். முன்பக்கம் மட்டும் கால் நுழைய ஒரு திறப்பு. பார்க்க அழகாக இருந்தது. யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குட்டை வேலைகளுக்கு அது சரியாகத்தான் இருந்தது. ஆறடிக் கம்பிகள் வந்தபோது கஷ்டம் தொடங்கியது.

"தம்பி, நீளக் கம்பின்னா நான் சைடுல நிக்கணும். காலு எட்ட மாட்டேங்குது."

"முன்னாடி நின்னே பழகிக்குங்கண்ணே."

"பழகலாம். இடுப்பு திரும்பணுமே."

இப்படி இரண்டு மூன்று தடவை சொன்னார். நானும் இப்படியே பதில் சொன்னேன். ஒரு நாள் சிவக்கக் காய்ந்த கம்பியை அவர் பக்கவாட்டில் பிடித்திருக்க, கால் பெடலைத் தேடித் தடுமாற, கம்பி நழுவி, அதைப் பிடித்திருந்த இடுக்கி அவருடைய முழங்காலுக்குக் கீழே அடித்தது. வலியில் உட்கார்ந்துவிட்டார். எழுந்து, பட்டறையே கேட்கும்படி சொன்னார்:

"இத வரைஞ்சவர் ஒரு நாளைக்கு இங்க வந்து நின்னு அடிச்சுப் பாக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஸ்பேனரை எடுத்துப் போய், அவர் கண்ணெதிரிலேயே நான்கு போல்ட்டையும் கழற்றினேன். மூடியைத் தூக்கிக் கரிக்குவியலுக்குப் பின்னால் எறிந்தேன்.

"இப்ப சந்தோஷமா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கழட்டச் சொல்லல தம்பி. மாத்தத்தான் சொன்னேன்."

அது என் காதில் விழுந்தது. விழாதது போல நடந்து போனேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலை. அண்ணன் வேலைக்குத் தகுந்தபடி ஹாமரில் பொருத்தும் அச்சுக்கட்டையை மாற்றிக்கொண்டிருந்தார். மாற்றும்போது மோட்டாரை நிறுத்த வேண்டும். ஆனால் மழை ஈரத்தில் அதை மறுபடி கிளப்புவது பெரும்பாடு என்பதால் யாரும் நிறுத்துவதில்லை, அவரும் நிறுத்தவில்லை. கட்டையை இறுக்கியிருந்த ஆப்பைத் தட்டி எடுத்துவிட்டு, கீழ்க்கட்டையில் கிடந்த இரும்புச் செதிலைத் துடைக்க வலது கையை உள்ளே விட்டார். சுவரில் சாய்த்து வைத்திருந்த நீளக் கம்பிகளில் ஒன்று சரிந்து பெடலின் மேல் விழுந்தது.

நான் பத்தடி தள்ளி டிரில் மெஷினில் இருந்தேன். ஒரே ஓர் அடி. பழுத்த இரும்பின் மேல் விழும் சத்தம் இல்லை அது. திரும்பிப் பார்த்தேன். அவர் கத்தவில்லை. முகம் சாம்பலாகி, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். துண்டால் கையைச் சுற்றி, தவுக்கேயின் லாரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கட்டை விரலும் சுண்டு விரலும் மிஞ்சின. நடுவில் இருந்த மூன்றும் போய்விட்டன.

கம்பி பெடலில் பட்டு உருண்டதும் பிரேக் பிடித்துக்கொண்டது. பழைய ஹாமராக இருந்தால் இன்னும் இரண்டு மூன்று அடி விழுந்திருக்கும். "உன் பிரேக்தான் அவன் கையைக் காப்பாற்றியது," என்று தவுக்கே மலாயில் சொல்லி என் தோளைத் தட்டினார். நான் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

சில வாரம் கழித்து அரசாங்க அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். கூடவே தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் வந்தார். அண்ணனும் கட்டுப் போட்ட கையோடு வந்து நின்றார். பெடலுக்கு மூடி கிடையாதா என்று அதிகாரி கேட்க, தவுக்கே கரிக்குவியலுக்குப் பின்னால் துருவேறிக் கிடந்ததை எடுத்து வந்து காட்டினார். அதிகாரி அதைத் தன் கையாலேயே பெடலின் மேல் வைத்துப் பார்த்தார். இது இருந்திருந்தால் கம்பி விழுந்தும் ஒன்றும் ஆகியிருக்காது என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இதை யார் கழட்டினதுன்னு கேக்குறாரு," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

'நான்' என்று சொன்னால் போதும். எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. வேலை போய்விடும், போலீஸ் வரும் என்று என்னென்னவோ ஓடியது.

"நீளக் கம்பிக்குத் தடையா இருந்திச்சு சார். கழட்டிட்டாங்க," என்றேன்.

நம் பேச்சில் 'கழட்டிட்டாங்க' என்றால் யாரோ நாலு பேர் கழற்றியதாகவும் இருக்கலாம். பெரியவர் ஒருவரை மரியாதையாகச் சொன்னதாகவும் இருக்கலாம். மொழிபெயர்ப்பாளர் அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவரைக் காட்டி ஆங்கிலத்தில், தனக்கு இடைஞ்சலாக இருந்ததால் இவரே கழற்றிவிட்டாராம் என்றார். மொழிபெயர்ப்பாளர்மேல் தப்பில்லை. என் வாயிலிருந்து வந்ததை அவர் அப்படித்தான் எடுத்துக்கொள்ள முடியும். ஏழாவது வரை நான் இங்கிலீஷ் பள்ளியில் படித்தவன். அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. அதிகாரி பேனாவைத் திறந்து நிதானமாக எழுதினார். 'இல்லை சார்' என்று சொல்ல எவ்வளவோ நேரம் இருந்தது. அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. நான் குனிந்து அந்த மூடியைப் புரட்டிப் பார்ப்பது போல நின்றேன்.

அண்ணன் கவனமில்லாத ஆள் என்று பெயர் பரவிவிட்டது. எந்தப் பட்டறையும் அவரைச் சேர்க்கவில்லை. காலாங் ஆற்றோரம் ஒரு மரக்கிடங்கில் காவலுக்கு, ஜாகாவாகப் போனார். பகலெல்லாம் வாசலில் உட்கார்ந்து லாரிகளை உள்ளே விடும் வேலை.

அவர் போன பிறகு ஒரு சாயங்காலம் ஆறடிக் கம்பி ஒன்றைக் கையில் பிடித்து, ஹாமரின் பக்கவாட்டில் அவர் நிற்கும் இடத்தில் நின்றேன். கால் எங்கே போக விரும்புகிறது என்று சாக்பீஸால் தரையில் குறித்தேன். என்ன செய்ய வேண்டும் என்பது அந்த ஒரு சாயங்காலத்திலேயே தெரிந்துவிட்டது. மூடியை ஒரு பக்கம் மட்டும் திறக்காமல், சுற்றிலும் கீழே இடைவெளி விட்டு உயர்த்தினால் போதும். எந்தப் பக்கம் நின்றாலும் காலின் முன்பாதி உள்ளே நுழையும். மேலேயிருந்து எது விழுந்தாலும் மூடியோடு நின்றுவிடும். அச்சு மாற்றும்போது பெடலே அசையாதபடி செருகி வைக்க ஓர் ஊசியும் சேர்த்தேன். மூன்று நாள் வேலை. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வந்து பார்த்து, தங்களுக்கும் செய்து தரச் சொன்னார்கள். மூளைக்காரன் என்றார்கள். அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அங்கிருந்து போய்விட வேண்டும் போல இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் அவரைப் பார்த்தேன். வரிசையில் எனக்கு மூன்று பேர் முன்னால் நின்றார். ஐயர் திருநீறு கொடுக்க வந்தபோது அவருடைய இடது கை நீண்டது. சட்டென்று அதை இழுத்துக்கொண்டு வலது கையை நீட்டினார். நடுவில் விரல் இல்லாத அந்தக் கையில் திருநீறு நிற்காமல் பாதி தரையில் கொட்டியது. குனிந்து அதைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும் பின்னாலேயே போய்க் கூப்பிட்டேன். தேக்கா மார்க்கெட் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தோம்.

"அண்ணே, அன்னைக்கு அந்த ஆபீசர்கிட்ட நான் சொன்னது..."

"தெரியும்."

"அந்த மொழிபெயர்ப்பாளர் தப்பா..."

"தம்பி, நான் வெள்ளைக்காரன்கிட்ட அத்தன வருசம் வேல பாத்தவன். அவரு இங்கிலீஷ்ல என்ன சொன்னாருன்னு எனக்கும் புரிஞ்சிச்சு."

"அப்ப நீங்க ஏண்ணே சொல்லல?"

"நீ சொல்லுவன்னு நின்னேன்." இடது கையால் குவளையைத் தூக்கி ஒரு வாய் குடித்தார். "அந்தாளு எழுதி முடிச்சுப் பேனாவ மூடுற வரைக்கும் நின்னேன். உனக்கு வாய் வரல. சரி, ரெண்டு பேரும் வேலயில்லாம நின்னு என்னத்துக்குன்னு விட்டுட்டேன்."

நாளைக்கே அந்த அலுவலகத்துக்குப் போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். "எனக்காகப் போவாத. உனக்கு வேணும்னா போ," என்றார். நான் போகவில்லை. முதலில் பயத்தால் தள்ளிப் போட்டேன். அப்புறம் இவ்வளவு நாள் கழித்துப் போய் என்ன சொல்வது என்று தள்ளிப் போட்டேன்.

புது மூடியைப் பார்க்க மட்டும் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தார். மோட்டார் நின்றிருந்தது. முன்னால், இடது பக்கம், வலது பக்கம் என்று மாறி மாறி நின்று காலை உள்ளே விட்டுப் பார்த்தார். ஒரு மூலையில் பூட்ஸ் தட்டுவதாகக் காட்டினார். பிறகு கேட்டார்:

"இத அப்பவே செஞ்சிருக்க முடியுமா தம்பி?"

"முடிஞ்சிருக்கும்ணே."

தலையை ஆட்டிக்கொண்டார். அவர் போன பிறகு அந்த மூலையைத் தேய்த்துச் சரிசெய்தேன்.

அறுபதுகளின் நடுவில் மாரடைப்பில் போய்விட்டார். செய்தி கேட்டு வீட்டுக்குப் போனேன். காரியமெல்லாம் முடிந்து, வாசலில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். அவருடைய மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பஸ் கண்டக்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது இருபத்துமூன்று, இருபத்துநாலு வயது இருக்கும்.

"அங்கிள், நீங்க அப்பாகூடப் பட்டறையில இருந்தீங்கதானே? அவரு ஏதோ மூடியக் கழட்டிப் போட்டுட்டு, கவனமில்லாமதான் கையக் கொடுத்தாருன்னு சொல்வாங்க. நெசமா?"

"இல்லப்பா," என்றேன். "அந்த மூடியக் கழட்டினது நான்."

எல்லாவற்றையும் சொன்னேன், அதிகாரி வந்த நாள் உட்பட.

"அப்பாவுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியும்."

"வீட்டுல ஒரு வார்த்த சொல்லலையே." "நான் அவர எத்தன தடவ திட்டியிருக்கேன் தெரியுமா அங்கிள்? உங்க அசட்டையாலதானே அம்மா வீட்டு வேலைக்குப் போச்சு, நான் படிப்ப விட்டேன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கேன். பேசாம கேட்டுக்கிட்டே இருப்பாரு."

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவன் கையைக் காட்டித் தடுத்துவிட்டு எழுந்து உள்ளே போனான். உள்ளே அவன் அம்மாவிடம் ஏதோ சொல்வது கேட்டது. அந்த அம்மாள் வாசலுக்கு வந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார். மடக்காமல் மிச்சமிருந்த ஒரே நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். வாடகைக் கடை ஆள் வந்து, அதையும் எடுக்க வேண்டும் என்று சொன்ன பிறகுதான் எழுந்தேன்.