பள்ளிபாளையம் போய்வர ஒரு பேட்டரி

கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து நாங்கள் முதலில் கிளம்பியது கிழக்கே, அயோத்தியாப்பட்டணத்துக்கு. வியாழக்கிழமை காலை. மேற்கே பள்ளிபாளையம் போவதற்கு முன்னால் ஜீப்புக்கு இரண்டாவது பேட்டரி ஒன்று வாங்க வேண்டியிருந்தது.

ஏற்காட்டுத் தோட்டங்களில் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கிச் சேலத்துக் கடைகளுக்குக் கொடுப்பது என் வியாபாரம். மலையில் மழைக்காலச் சேற்றில் சாதாரண வண்டி ஏறாது என்பதால் ஃபோர் வீல் டிரைவ் ஜீப். அதைப் பல வருஷம் ஓட்டியவர் பழனிசாமி அண்ணன். என்னிடம் வருவதற்கு முன் போர்வெல் ரிக்கில் வேலை பார்த்தவர். அந்தக் கல்தூசு நெஞ்சில் படிந்து, இப்போது மூக்கில் குழாய் இல்லாமல் பத்து நிமிஷம் இருக்க முடியாது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்றோடு என் குடோனை ஒட்டிய அறையில் இருந்தார். மனைவி இறந்து இரண்டு வருஷம். ஒரே மகள் கவிதா, பள்ளிபாளையத்தில்.

கவிதா வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள். தாய் இறந்தபோது ஓடி வந்தாள். பழனிசாமி அண்ணன் அவளைப் படியேற விடவில்லை. பாடை கிளம்பும்வரை தெருவிலேயே நின்றாள். நானும் அந்தத் தெருவில் நின்றிருந்தேன்.

"அவளை ஒருக்கா பாக்கோணும் பாய்" என்று அவர் சொன்னபோது, ஆம்புலன்ஸ் வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"வேண்டாமுங்க. ஆம்புலன்ஸ் வந்து நின்னா, பொணம் வருதுன்னு நெனைச்சுக்குவா."

"அப்ப ஜீப்புல மெஷினை வச்சுப் போவோம். அங்க போனதும் பிளக்கைச் சொருகிக்கலாம்ண்ணே."

அவர் தலையாட்டவில்லை. "அவ ஊட்டுக்குள்ள உடுவாளான்னு தெரியாதுங்க பாய். பிளக் கெடைக்கும்னு நம்பிப் போகக்கூடாது. போயி, தெருவுலயே இருந்து, திரும்பி வாரதுக்குத் தாங்கோணும்."

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்பது அந்த ஒரு பேச்சில் முடிவாகிவிட்டது.

அயோத்தியாப்பட்டணத்தில், ஆத்தூர் சாலையில் இருந்த அந்தப் பேட்டரிக் கடை லாரிக்காரர்களை நம்பி நடப்பது. கடைக்காரர் ஜீப்பைச் சுற்றிப் பார்த்தார். "டியூபுலர் போட்டுக்குங்க பாய். பதினாறாயிரம். வீட்டு இன்வெர்ட்டருக்கு எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க. நீங்க ஃபிரிட்ஜுக்குத்தானே கேக்குறீங்க?"

ஆக்சிஜன் மெஷினுக்கு என்றதும் அவர் கை டியூபுலர் மேலிருந்து இறங்கியது. அந்தப் பேட்டரி சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கும் வாயு கக்கும். ஆக்சிஜன் ஓடுகிற மூடிய வண்டிக்குள் அது ஆகாது. ஆசிட்டும் குலுங்கும். சீல் செய்த பேட்டரியில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் சார்ஜைப் பாதிக்குமேல் இறக்கினால் சீக்கிரம் கெட்டுவிடும். மிச்சம் இருந்தது லித்தியம். நூறு ஆம்பியர், முப்பத்தெட்டாயிரம். வண்டி நின்றிருந்தாலும் மெஷினை மூன்று மணி நேரம் ஓட்டும் என்றார். இரண்டு பேட்டரிக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வைப்பார்களாம். என்ஜின் ஓடும்போது இரண்டும் சார்ஜ் ஏறும். நின்றுவிட்டால், மெஷின் இழுக்கும் கரண்டு வண்டியைக் கிளப்பும் முதல் பேட்டரியைத் தொடாது.

"அஞ்சு வருஷம் வாரண்டிங்க" என்றார் கடைக்காரர், ஜீப்புக்குள் சின்ன ஆக்சிஜன் சிலிண்டரோடு இருந்தவரைப் பார்த்து.

பழனிசாமி அண்ணன் சிரிக்கப் பார்த்தார். அது இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆயிற்று. கடைக்காரர் உள்ளே போய் ஸ்பேனர் எடுத்து வந்தார்.

சனிக்கிழமை, விடியற்காலை சுபுஹு தொழுகை முடித்துவிட்டுப் புறப்பட்டேன். பள்ளிபாளையத்துக்கு அறுபத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடும். பின்சீட்டைக் கழற்றிய இடத்தில் மெஷின். அதை ஒட்டிப் பேட்டரி. அவசரத்துக்கு அந்தச் சின்ன சிலிண்டர். அவர் என் பக்கத்து சீட்டில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு. மெஷின் பின்னால் உஸ் உஸ்ஸென்று மூச்சுவிட்டுக்கொண்டே வந்தது.

சங்ககிரிக்கு முன்னால் லாரிகள் நின்றுவிட்டன. முன்னே ஏதோ டேங்கர் கவிழ்ந்திருப்பதாகச் சொன்னார்கள். வெயில் ஏறியது. ஜீப்பின் சூடு முள் சிவப்பைத் தொட்டதும் என்ஜினை நிறுத்தினேன். இனி மெஷின் புதுப் பேட்டரியை மட்டும் நம்பி ஓட வேண்டும். அதில் சார்ஜ் எத்தனை சதவீதம் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பது, எழுபது, அறுபது. அவர் கண்ணை மூடியிருந்தார். திரும்பிவிடலாமா என்று கேட்டேன்.

"இன்னொருக்கா கெளம்ப எனக்குத் தெம்பு இருக்காதுங்க பாய்."

லாரிகள் நகர்ந்தபோது சாவியைத் திருப்பினேன். முதல் பேட்டரி முழுசாக இருந்தது. வண்டி ஒரே உறுமலில் கிளம்பியது.

பள்ளிபாளையத்தை நெருங்கும்போது காகித ஆலையின் வாடை வந்துவிடும். அப்புறம் தறிச் சத்தம், எந்தத் தெருவுக்குத் திரும்பினாலும் கூடவே வரும். கவிதாவின் வீடு தறிக்கூடங்களுக்குப் பின்னால் ஒரு குறுகிய சந்தில். நிழல் இல்லை. வாசலுக்கு எதிரே நிறுத்தினேன்.

முதலில் வந்தவர் அவள் புருஷன் சேகர். தறி ஓட்டுபவர், தலையெல்லாம் பஞ்சு. ஜீப்புக்குள் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். உள்ளே போனார். பேச்சுச் சத்தம் கேட்டது. தனியாகத் திரும்பி வந்தார்.

"வர மாட்டேங்கறாளுங்க" என்றார் என்னிடம். பிறகு மெஷினைப் பார்த்து, "சன்னல் வழியா வயரை இழுத்துத் தரட்டுங்களா? பேட்டரி எறங்கிருமுங்களே."

"வேண்டாங்க மாப்பிள்ளை" என்றார் பழனிசாமி அண்ணன். அந்த மனிதரை அவர் அப்படி அழைத்தது அன்றுதான் முதல்முறை. "அவ சொல்லாம அவ ஊட்டுக் கரண்டு வேண்டாம்."

அரை மணி நேரம் அப்படியே இருந்தோம். பிறகு கவிதா வந்தாள். வாசற்படியை விட்டு இறங்கவில்லை. இளைத்திருந்தாள். அப்பனின் மூக்குக் குழாயைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்கம்மா மொகத்தைக்கூடப் பாக்க உடலையே" என்றாள்.

"ஆமா சாமி. உடலை."

"இப்ப மன்னிச்சுருன்னு கேக்கத்தான் வந்தீங்களா?"

"கேக்கலை. உன்னைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

தறிச் சத்தத்தில் அவர் குரல் அவளுக்குக் கேட்டதா என்றே தெரியவில்லை. நான் திருப்பிச் சொல்லலாமா என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள், "பாத்தாச்சுல்ல. கெளம்புங்க" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சேகர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், சந்து முனைவரை ஜீப்போடு நடந்து வந்தார்.

திரும்பும் வழியில் டேங்கரை ஓரம் கட்டியிருந்தார்கள். இவ்வளவு பாடுபட்டு அழைத்து வந்தது இதற்கா என்று எனக்குக் கோபமாகக்கூட இருந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

சங்ககிரி தாண்டியதும் அவர்தான் பேசினார். "ஊட்டுக்குத் தளம் போட்டுட்டாங்க பாய், பாத்தீங்களா? ஓட்டு ஊடுன்னுதான் சொல்லியிருந்தாங்க. சன்னலுக்குக் கொசுவலை அடிச்சிருக்காங்க." மூச்சு வாங்கிக்கொண்டு, "அவளை நல்லாத்தான் வெச்சிருக்கான்" என்றார். பிறகு வீடுவரை தூங்கினார்.

அடுத்த மாதம் இறந்துபோனார். சேகருக்குப் போன் செய்தேன். பஸ் பிடித்துத் தனியாக வந்தார். கவிதா வரவில்லை, நான் கேட்கவும் இல்லை. சுடுகாட்டில் கொள்ளி வைப்பது யார் என்று வெட்டியான் கேட்டபோது, வந்திருந்த சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சேகர் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் போனார்.