காட்டெருமை வரைந்த அக்கா

குன்னூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கிளார்க்காக இருந்தேன். ஷிஃப்ட் முடிந்து பெண்கள் வீட்டுக்குப் போகும் பாதையில் அடிக்கடி காட்டெருமை வந்து நிற்கும். பேக்கிங் பிரிவில் பாதிப் பேருக்கு வாசிக்க வராது. அதனால் அங்கே வேலை செய்த, கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த ஓர் அக்கா வாசல் கரும்பலகையில் படம் வரைந்துவைப்பார். தேயிலைச் செடிகளுக்கு மேலே கொம்பும் நெற்றியும் சலித்துப்போன இரண்டு கண்களும். படத்தில் முகம் திரும்பியிருக்கும் பக்கம் அது நிற்கிறது, போகக்கூடாது என்று அர்த்தம். எல்லோரும் சிரித்துக்கொண்டே மறுபக்கம் போவார்கள்.

புது பாக்கெட்டுக்குப் படம் தேடி கோயம்புத்தூரிலிருந்து வந்த விளம்பரக்காரர், அந்தப் பலகையைப் போனில் படமெடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் மேனேஜர் ஒரு கத்தை இங்கிலீஷ் தாள்களைக் கொடுத்தார். "பேக்கிங்ல எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிருங்க. படம் வரையற அந்தம்மாவோடது விட்டுப்போகக் கூடாது."

நான் படித்துப் பார்த்தேன். வேலையிடத்தில் யார் எதை உருவாக்கினாலும் அது கம்பெனிக்கே சொந்தம் என்றிருந்தது.

"என்னங்க சார் இது?" என்று அக்கா கேட்டார்.

"லீவு பேப்பர் மாதிரிதாங்கக்கா. எல்லாரும் போடறதுதான்."

போட்டுவிட்டார். அந்தப் படத்தோடு பாக்கெட் வந்தபோது, "நம்ம மாடு ஊரெல்லாம் சுத்தப் போகுதுங்க சார்" என்று பூரித்துப்போனார். அவர் பெயர் அதில் எங்கும் இல்லை.

முழங்கால் வலியால் அவர் வேலையை விட்டு, கோத்தகிரி சாலையில் கட்டபெட்டில் சின்னதாக ஒரு டீக்கடை போட்டார். கடைச் சுவரில் அதே காட்டெருமையை வரைந்தார். யாரோ மேனேஜரிடம் சொல்லிவிட்டார்கள். "நீங்க போய் அழிக்கச் சொல்லுங்க. உங்க மேல அந்தம்மாவுக்கு மரியாதை உண்டு" என்று அவர் என்னிடம் சொன்னார்.

போனேன். என்னைக் கண்டதும் அக்கா ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, கேட்காமலே டீ கொடுத்தார். பாதி குடித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன்.

"நான் வரைஞ்சதை நானே வரையக் கூடாதுங்களா?"

"கையெழுத்துப் போட்டிருக்கீங்கக்கா."

"லீவு பேப்பர்னு சொன்னீங்களே?"

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவே சுண்ணாம்பைக் கரைத்துச் சுவரில் அடித்தார். கொம்பு மறையவில்லை. இன்னொரு தடவை அடித்தார். மேனேஜரிடம் காட்ட வேண்டும் என்று அந்த வெள்ளைச் சுவரைப் போனில் படமெடுத்தேன். அதையும் அவர் பார்த்தார்.

மறுநாள் அந்தப் படத்தை ஃபைலில் வைக்கும்போது, அக்கா கையெழுத்திட்ட தாளை மறுபடி படித்தேன். கையெழுத்திட்ட நாள் முதல் உருவாக்கியவை என்றுதான் அதில் இருந்தது. விளம்பரக்காரர் அனுப்பிய படத்தின் தேதி அதற்கு முந்தைய வாரம். தவிர, படம் வரைவது அக்காவின் வேலையும் அல்ல. அப்படியானால் அந்தக் காட்டெருமை அக்காவுடையதுதான். மேனேஜரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஃபைலைக் கட்டி அலமாரியில் வைத்தேன்.

ஒரு வருஷம் கழித்து, வேறு வேலை கிடைத்த பிறகுதான், கட்டபெட்டுக்குப் போய் அக்காவிடம் அதைச் சொன்னேன்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியுங்க?"

"நீங்க அழிச்ச மறுநாளே."

அவர் அடுப்பைத் தணித்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"கம்பெனிக்கு ஒரு கடுதாசி எழுதித் தர்றேங்கக்கா" என்றேன்.

"எழுதுங்க."

சுவரில் இருந்ததும் பாக்கெட்டில் இருப்பதும் அக்காவின் படம்தான் என்று தமிழில் எழுதி நீட்டினேன். அவர் அதை வாங்கிக்கொண்டு பக்கத்துத் தையல்கடைப் பெண்ணைக் கூப்பிட்டார். "இதுல என்ன எழுதியிருக்குன்னு வரி விடாமப் படி கண்ணு."

என் எதிரிலேயே அந்தப் பெண் படித்தாள். இரண்டு இடங்களில் அக்கா நிறுத்தி, திரும்பப் படிக்கச் சொன்னார். முழுவதும் கேட்ட பிறகே கையெழுத்துப் போட்டார். நான் தலை நிமிரவில்லை.

சுவரில் வரைந்துகொள்ளலாம் என்று கம்பெனி பதில் எழுதியது. பாக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இப்போது அந்தச் சுவரில் படம் இருக்கிறது. கோத்தகிரி பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன். ஒருமுறைகூட இறங்கியதில்லை.