எட்டு மெஷினும் ஒன்றாக எழுதினால்...

கவிதா, முரளி... இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளுங்கள். போன செவ்வாய் மதியம் அப்பா ஒரு பொய் சொன்னேன்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை என்று உங்களுக்குத் தெரியும். படிப்பு ஐ.டி.ஐ.தான். கான்ட்ராக்ட் ஆள் வேறு - யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், கேட்டுக்கு வெளியே நிற்பேன்.

போன மாதம் இரண்டு பெரிய மெஷினுக்குள் எட்டு மெஷின் இருப்பதுபோல் மாற்றிவிட்டார்கள். 'வர்ச்சுவல்' என்கிறார்கள். எட்டும் ஒரே கணக்கைப் பங்கு போட்டுச் செய்யும். ஆனால், போட்டதை எழுதிவைக்க எல்லாவற்றுக்கும் ஒரே டிஸ்க்! எட்டுக் குடித்தனம், ஒரே குழாய்.

இன்ஜினீயர் சல்மா, பழவேற்காட்டுப் பெண், அதில் ஐந்து நாளாக ஒரு கணக்கை ஓட்டிக்கொண்டிருந்தார். பெரிய கொதிகலன் ஒன்றின் மூடி அழுத்தத்தைத் தாங்குமா, தாங்காதா? வெள்ளிக்கிழமை பதில் சொல்லியாக வேண்டும்.

அவர் சாப்பிடப் போன நேரம். திரையில் எட்டும் அப்படியே நின்றுவிட்டன. பத்து நிமிடம்... அசையவே இல்லை. நின்றுபோன எதையும் நான் என்ன செய்வேன்? மோட்டாரில் பழகிய கை... அணைத்து, மறுபடி போட்டேன்.

கணக்கு திரும்ப வரவில்லை.

"இன்னாண்ணே ஆச்சு?" - சல்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கரண்ட் போச்சும்மா."

"கேன்டீன்ல ஃபேன் ஓடிக்கினு இருந்துச்சே?"

"இந்த லைன் மட்டும்..."

"அப்போ யூபிஎஸ் இன்னாத்துக்கு? ஆயுத பூஜைக்குப் பொட்டு வெக்கறதுக்கா?"

எலக்ட்ரீஷியன் நாகையாவைக் கூப்பிட்டார். அவரும் கான்ட்ராக்ட்தான்.

"சத்தியமா கரண்ட் போவல மேடம்! நைனா, நீயாச்சும் சொல்லு..." என்று என்னைப் பார்த்தார். கரண்ட் போனதென்றால் பழி அவர் தலையில்தான் விழும்.

"நான்தாம்மா அணைச்சேன். ஹேங் ஆயிடுச்சுன்னு நெனச்சேன்."

"அஞ்சு நாளுண்ணே!" சல்மா மேஜையில் ஓங்கி அடித்தார். அப்புறம் சட்டென்று, "இருங்க... அப்போ டிஸ்க் லைட் எப்படி இருந்துச்சு?"

"படபடன்னு அடிச்சுக்கினு இருந்துச்சும்மா."

"அப்போ நிக்கவே இல்ல. எட்டும் ஒரே சமயத்துல எழுத வந்து, முட்டிக்கினு கெடந்திருக்குது. பழைய ஃபைல் மேலயே எழுதறதால, பாதில அணைச்சதும் பழசு, புதுசு ரெண்டும் போச்சு. கரண்ட்டுன்னே நெனச்சு அப்படியே திரும்ப ஓட்டியிருந்தா, மறுபடி இங்கயேதான் மாட்டியிருப்பேன்."

ஒன்றன்பின் ஒன்றாக, புதுப் புது ஃபைலில் எழுதும்படி மாற்றினார். முதலிலிருந்து ஓடவிட்டார். வெள்ளிக்கிழமைக்கு முடியாது. அதைச் சொல்ல மேனேஜர் அறைக்குப் போனார். யார் அணைத்தது என்று அங்கே கேட்பார்களே... கேட்காமல் இருப்பார்களா?

நாகையாவும் போய்விட்டார். அறையில் நான் மட்டும்.

அறையின் தினசரிப் பதிவேட்டை எடுத்தேன். 'மதியம் மெஷினை அணைத்தவர்' என்று எழுதி, பக்கத்தில் என் பெயரைப் போட்டேன். எழுத்து கோணலாக வந்தது. அடித்துத் திருத்தவில்லை.