ஊதிப் பார்க்க வேண்டிய கல்

எங்கள் லிபாரித் தீவின் வெள்ளை மலையில் இரண்டு கல் கிடைக்கும். இரண்டும் ஒரே எரிமலைக் குழம்பு இறுகியதுதான். காற்றுக் குமிழ் அடைபட்டு இறுகினால் நுரைக்கல், தண்ணீரில் மிதக்கும். குமிழ் இல்லாமல் இறுகினால் கண்ணாடிக்கல். கறுப்பு, கனம், விரலை அறுக்கும். சின்னப் பிள்ளைகூடப் பிரித்துவிடுமே என்பார்கள் வெளியூர்க்காரர்கள். வந்து பிரிக்கட்டும். சுரங்கத்திலிருந்து வரும்போது இரண்டும் வெள்ளைத் தூசி பூசி ஒரே மாதிரி இருக்கும். நுரைக்கல் தூளில் ஒரு கறுப்புச் சில்லு கலந்தாலும் மொத்தச் சரக்கும் திரும்பி வந்துவிடும். தண்ணீரில் போட்டுப் பார்க்கலாமென்றால், நனைந்த கல்லை ஆலை எடுக்காது. துடைத்தால் கை கிழியும். அதனால் பொறுக்குப் பலகையில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் ஒவ்வொன்றாக எடுத்து ஊதுவோம். கறுப்பு மின்னினால் வீசிவிடுவோம்.

என் தங்கை ரோசாலியாவின் புருஷன் ஒனோஃப்ரியோ இருபத்தாறு வருஷம் சுரங்கத்துக்குள் கொத்தினான். கடைசியில் வீட்டு வாசலின் ஆறு படியை ஏற மூன்று தடவை நிற்பான். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் வரும். யார்மேல் எரிச்சல் என்றுதான் தெரியாது. அந்தச் சமயம் எங்கள் பலகையில் ஓர் இடம் காலியானது. கடலோரம், நல்ல காற்று. கிடைத்தால் இன்னும் கொஞ்ச நாள் இருப்பான். ஆனால் நெஞ்சில் தூசி அடைத்தவன் என்று தெரிந்துவிட்டால், பலகையும் இல்லை, சுரங்கமும் இல்லை, வீட்டுக்குப் போ என்பார்கள்.

"மச்சான், ஊதச் சொன்னா என்ன செய்ய?" என்றான் முந்தின நாள்.

"கையில எடை பாருடா. இத்தனை வருஷம் தொட்ட கல்லுதானே. வாயை மூடிக்கிட்டுப் பிரி."

மறுநாள் காலை மேஸ்திரி கலோஜெரோ ஒரு கூடைக் கல்லை அவன் முன் கொட்டினார். ஒனோஃப்ரியோ ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் நிறுத்துப் பார்த்து இரண்டு குவியலாகப் போட்டான். மேஸ்திரி அவற்றை வாளித் தண்ணீரில் போட்டுச் சோதித்தார். ஒன்றுகூடத் தப்பில்லை.

"பிரிச்சதெல்லாம் சரிதான்யா. ஆனா நீ ஒண்ணைக்கூட ஊதலையே. ஒண்ணு ஊது, பார்ப்போம்."

ஒனோஃப்ரியோ பலகையிலிருந்து தூசி படிந்த ஒரு கல்லை எடுத்து வாயருகே கொண்டுபோனான். மூச்சு இழுத்தது, தூசி அசையவில்லை. பலகையில் எல்லார் கையும் நின்றுபோனது.

அவன் கல்லை மேஸ்திரியிடம் நீட்டினான். "எப்படின்னு நீங்க ஒருதடவை காட்டுங்க மேஸ்திரி. பார்த்துக் கத்துக்கறேன்."

திமிர் என்று நினைத்து அறையப்போகிறார் என்றே நினைத்தேன். கலோஜெரோ கல்லை வாங்கினார். அவரும் மேஸ்திரியாவதற்கு முன் பதினெட்டு வருஷம் அதே சுரங்கத்தில் கொத்தியவர். உதட்டைக் குவித்து ஊதினார். தூசி அப்படியே இருந்தது. மறுபடி ஊதினார். பிறகு எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் கல்லைக் கால்சட்டையில் தேய்த்தார். கறுப்பு மின்னியது. கட்டைவிரலில் ரத்தம் கசிந்தது.

"துடைச்சாலும் தெரியத்தான் செய்யுது" என்று சொல்லி, நோட்டில் ஒனோஃப்ரியோவின் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து பலகையில் யாரும் ஊதுவதில்லை. விரலில் கந்தல் சுற்றிக்கொண்டு துடைக்கிறோம். ஒனோஃப்ரியோ ஏழு மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனைப் புதைத்த மறுவாரம், கையில் ஒரு கந்தலோடு கலோஜெரோ வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தார்.